மூடும் டேக் ஒன்று அதிகம்

லோர்ன் வாசிலிக் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. திட்டவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அவர் எழுதிய நிரல் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. கனடாவில் எங்கள் சஸ்காட்சுவான் மாகாணம் முழுக்க வழிதவறிய நாய் பூனைகளைப் பிடித்து வைத்திருக்கும் காப்பகங்கள் உண்டு. தங்களிடம் யார் யார் இருக்கிறார்கள் என்று அவை தினமும் காலையில் ஒரு கோப்பு அனுப்பும். அத்தனை கோப்புகளையும் படித்து ஒரே இணையதளத்தில் காட்டுவது சாஸ்கட்டூனில் இருக்கிற எங்கள் அலுவலகத்தின் வேலை. படிப்பது லோர்னின் நிரல். படிக்க மறுப்பதும் அதேதான். மறுப்பதில்தான் அவருக்குப் பெருமை அதிகம்.

நான் ரொவீனா, பக்கத்து மேசை. அவர் எழுதுவதில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. அதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் அதையே இலவசமாகச் செய்வதாக என் கணவர் சொல்லிக்கொண்டு திரிகிறார், அது வேறு விஷயம்.

லோர்ன் ஆள் பெரிய உருவம். கால்சட்டையைத் தாங்கிப் பிடிக்கத் தோளில் பட்டை போட்டிருப்பார். பனிக்காலத்தில் ஊரே வழுக்கி விழுந்து தாமதமாக வரும்போது, அவர் மட்டும் எட்டு மணிக்கு மேசையில் உட்கார்ந்து, குடுவையிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருப்பார். மற்றவர்கள் குளிரைப் பற்றிப் பேசுவார்கள், ஹாக்கியைப் பற்றிப் பேசுவார்கள். அவர் இரண்டைப் பற்றியும் பேசமாட்டார். இன்றைக்கு எத்தனை கோப்பு திரும்பிப் போனது என்று திரையைப் பார்த்து, திருப்தியாக ஒரு மிடறு குடிப்பார். அவ்வளவுதான் அவருடைய காலை.

காப்பகங்கள் அனுப்புகிற எக்ஸ்.எம்.எல். கோப்பு என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டப்பாவுக்குள் டப்பா வைத்த மாதிரிதான். காப்பகம் என்று ஒரு டப்பா, அதற்குள் நாய் என்று ஒரு டப்பா, அதற்குள் நிறம், வயது, கண்டெடுத்த இடம் என்று சின்னச் சின்ன டப்பாக்கள். ஒவ்வொன்றும் தொடங்குகிற இடத்தில் டேக் என்று ஒரு குறி, அது திறக்கும் டேக், முடிகிற இடத்தில் மூடும் டேக். திறந்ததை எல்லாம் மூடவேண்டும், உள்ளே இருப்பதை முதலில் மூடவேண்டும், திறக்காததை மூடக் கூடாது. இதில் ஒன்று பிசகினாலும் கோப்பைப் படிக்கிற பார்சர் அந்த இடத்திலேயே கையை விரித்துவிடும். சாதாரண இணையப் பக்கத்துக்கு இந்தக் கெடுபிடி கிடையாது. அதில் எத்தனை ஓட்டை இருந்தாலும் உலாவி பல்லைக் கடித்துக்கொண்டு எதையாவது காட்டித் தொலைக்கும். லோர்னுக்கு அந்தத் தாராளம் ஆகவே ஆகாது. உலகம் குட்டிச்சுவரானதற்கு அதுதான் காரணம் என்பார்.

ஜாவா என்ற நிரல்மொழியில் காப்பகம் என்று ஒரு க்ளாஸ், விலங்கு என்று ஒரு க்ளாஸ் எழுதி வைத்திருந்தார். க்ளாஸ் என்றால் அச்சு, அதில் வார்த்து எடுக்கிற ஒவ்வொன்றும் ஆப்ஜெக்ட். கோப்பு முழுவதையும் முதலில் நினைவகத்தில் ஏற்றி, மரம்போல் கிளை கிளையாக விரித்து, எல்லாம் சரியாக இருந்தால்தான் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு ஆப்ஜெக்ட் பிறக்கும். வரிவரியாகப் படித்துக்கொண்டே போகிற இன்னொரு முறையும் இருக்கிறது. அதில், தப்பு வருகிற வரி வரைக்கும் படித்த நாய்களாவது கைக்கு மிஞ்சும். அப்படிச் செய்யலாமே என்று ஒருமுறை கேட்டேன். பாதி வெந்த பெரோகியை யாராவது தட்டில் வைப்பார்களா என்று என்னைத் திருப்பிக் கேட்டார். அவர் சாப்பாட்டு டப்பாவில் அன்றைக்குப் பெரோகி இருந்தது. உக்ரேனியர்களின் கொழுக்கட்டை அது, உள்ளே உருளைக்கிழங்கு, மேலே வதக்கிய வெங்காயம். எனக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

சரி, மறுத்த கோப்புக்கு என்ன ஆகும்? இங்கேதான் எனக்கும் அவருக்கும் சண்டை. கோப்பைப் படிக்க முடியாமல் போனாலும் அவருடைய நிரல் ஒரு காப்பக ஆப்ஜெக்டை உண்டாக்கிக் கொடுத்துவிடும். உள்ளே ஒரு நாயும் இருக்காது, வெறும் காலி. இணையப் பக்கம் அந்தக் காலியைப் பார்த்துவிட்டு, 'இக்காப்பகத்தில் தற்போது விலங்குகள் இல்லை' என்று கூசாமல் எழுதும். படிக்க முடியவில்லை என்பதும் ஒன்றும் இல்லை என்பதும் ஒன்றா? பல்வலி என்று போனவனிடம், உன் வாயைத் திறக்க முடியவில்லை, ஆகையால் உனக்குப் பல்லே இல்லை என்று எழுதிக் கொடுக்கிற டாக்டரை என்ன செய்வோம்? இதைக் குறையாக எழுதி முறைப்படி பதிவு செய்தேன். 'வடிவமைத்தபடியே இயங்குகிறது' என்று ஒரே வரி எழுதி அதை மூடிவிட்டார். எங்கள் தொழிலில் அந்த வரிக்குமேல் மேல்முறையீடு கிடையாது. நானும் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த குறையைத் தேடப் போனேன்.

மறுத்ததும் காப்பகத்துக்கு ஒரு கடிதம் போகும், நிரலே அனுப்பும். 'உங்கள் கோப்பு செல்லாது. இந்த வரியில் பிழை. திருத்தி அனுப்பவும்.' இடையில் ஒரு 'தயவுசெய்து' போட்டால் குறைந்தா போய்விடும் என்று மேலாளர் கேட்டுப் பார்த்தார். தயவு காட்டினால் திருந்தமாட்டார்கள் என்று லோர்ன் விளக்கம் சொன்னார். மேலாளருக்கு ஜாவா தெரியாது, அதனால் அவருக்கு லோர்னிடம் பயம் உண்டு.

இந்தக் கடிதத்தை அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டது டன்வேல் காப்பகம். தெற்கே, கோதுமை வயல்களுக்கு நடுவில் இருக்கிற சின்ன ஊர். மற்ற காப்பகங்களில் கோப்பை ஒரு மென்பொருள் தயாரிக்கும். டன்வேலில் அதை ஆக்னஸ் தீசன் என்ற பெண்மணி தன் கையால் தட்டச்சு செய்வார். சம்பளம் இல்லாத வேலை. நேற்றைய கோப்பைத் திறப்பார், புதிதாக வந்த நாயைச் சேர்ப்பார், வீடு கிடைத்துப் போன நாயை அழிப்பார். அழிக்கும்போது நாய் போய்விடும், அதன் மூடும் டேக் மட்டும் நடுவில் தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அதாவது டன்வேலில் ஒரு நாய்க்கு நல்ல காலம் பிறந்தால் அன்றைக்கே கோப்பு கெட்டுப்போகும். மறுநாள் அந்தக் கெட்ட கோப்பிலிருந்தே புதிய கோப்பு பிறக்கும். அந்த அம்மாள் கடிதத்தில் சொன்ன வரிக்குப் போய்ப் பார்ப்பார். அங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஏனென்றால் பார்சர் சொல்வது தான் தடுக்கி விழுந்த வரியை. கல் கிடப்பது எங்கேயோ மேலே. இது எங்களுக்குத் தெரியும், அவருக்கு யார் சொன்னார்கள்? ஒழுங்காக இருந்த வரியைத் திருத்தி, அதையும் கெடுத்து அனுப்புவார்.

இனி லோர்னின் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் மனைவி ஸ்டெஃபானியா இறந்து மூன்று வருடம் இருக்கும். பெரிய வீட்டை விற்றுவிட்டு ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு மாறியிருந்தார். பிள்ளைகள் இல்லை. கூட இருந்தது ருட்கோ என்ற நாய் மட்டும். செம்பட்டை நிறம், எந்த ஜாதி என்று சொல்ல முடியாத கலப்பு. ஸ்டெஃபானியா அதைக் குட்டியிலிருந்து உக்ரேனிய மொழியில்தான் வளர்த்திருந்தாள். ஆங்கிலத்தில் உட்கார் என்றால் அது உங்களைப் பரிதாபமாகப் பார்க்கும். 'டாய் லாப்பு' என்றால் உடனே வலதுகாலைத் தூக்கிக் கொடுக்கும். லோர்னுக்கும் அவருடைய முன்னோர் மொழியில் தெரிந்தது நாயிடம் பேசுகிற அளவுதான். மனைவி பேசிய சொற்கள் அந்த வீட்டில் இப்போது காதில் விழுவது நாயால்தான். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் விருந்தில் கொஞ்சம் அதிகமாகக் குடித்துவிட்டு மேலாளரின் மனைவியிடம் சொன்னார். ஒரு வாரத்தில் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஜூலை முதல் தேதி, கனடா தினத்தன்று ஏரிக்கரைக்குப் போயிருந்தார், மச்சானின் மரவீட்டுக்கு. இருட்டியதும் வாணவேடிக்கை. முதல் வெடிக்கே ருட்கோ கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. இரண்டு நாள் காட்டையும் கரையையும் சல்லடை போட்டுத் தேடினார்கள். கொசு கடித்து முகம் வீங்கி, கண் சிவந்து, திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்தார். விஷயத்தைச் சொல்லிவிட்டு உடனே திரையைத் திறந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

காப்பகங்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்து கேளுங்கள், வேண்டுமானால் பாதியை நான் செய்கிறேன் என்று சொன்னேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"எதுக்கு ரொவீனா போனு? போன் பண்ண வேண்டாம்னுதானே இந்தத் தளத்தையே கட்டினோம். எந்தக் காப்பகத்துல இருந்தாலும் காலையில பைல் வந்துடும். கழுத்துத் தோலுக்கடியில சிப்பு வேற இருக்கு, படிச்சா சொந்தக்காரர் யாருன்னு தெரிஞ்சுடும். ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா காட்டிக் குடுத்துடும்."

தன் சமையலைத் தானே சாப்பிடுகிற நேர்மை அவரிடம் இருந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ஜூலை முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தத் தளத்தைப் பார்த்தார். ஏரியைச் சுற்றி இருந்த காப்பகங்களை முதலில் பார்ப்பார், பிறகு மேற்கு, பிறகு வடக்கு. ஒருநாள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். டன்வேல் வந்தது. தற்போது விலங்குகள் இல்லை. "அங்க ஒண்ணும் இல்லை," என்று சொல்லி அடுத்ததற்குப் போனார். அந்த வாக்கியத்தை எழுதியவரே அதை நம்பினார். நானும் அந்த நிமிடம் நம்பிவிட்டேன், அதுதான் கொடுமை. திரையில் எழுதியிருந்தால் மனுஷிக்கு அப்படித்தான் புத்தி போகிறது.

ஆகஸ்ட் வந்தபோது அவர் நடையே மாறியிருந்தது. சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவருவதில்லை. திரும்பிப் போன கோப்புகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. கோப்புகள் பாட்டுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன, அதற்கு அவர் வேண்டியதில்லையே. ஏரிக்கரை மரங்களில் ஒட்டிய ருட்கோவின் படங்கள் மழையில் கரைந்துபோனதாக மச்சான் சொன்னாராம். இன்னொரு நாய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மேலாளர் நல்ல மனதோடுதான் சொன்னார். அதுகிட்ட நான் எந்த மொழியில பேசறது என்று லோர்ன் கேட்டார். மேலாளர் தன் அறைக்குள் போய்விட்டார்.

அந்த மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் என் மேசைத் தொலைபேசி அடித்தது. புகார்கள் சுற்றிச் சுற்றிக் கடைசியில் என்னிடம்தான் வந்து சேரும். மறுமுனையில் ஆக்னஸ் தீசன். எடுத்த எடுப்பிலேயே ஒரு பிடி பிடித்தார். பூனையைத் தொலைத்த ஒரு பண்ணைக்காரப் பெண் அன்று காலை நேரில் வந்திருக்கிறாள். உங்களிடம் விலங்கே இல்லை என்று தளத்தில் போட்டிருக்கிறதே, அதனால்தான் இத்தனை வாரம் வரவில்லை என்று சொல்லியிருக்கிறாள். அவள் பூனை அதற்குள் வேறு வீட்டுக்குப் போயாகிவிட்டது.

"உங்க லெட்டரெல்லாம் எனக்கு வருது, வரலைன்னு சொல்லலை. செல்லாதுன்னா பழைய பைலை அப்படியே வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். மொத்தமா துடைச்சுப் போட்டுட்டு, ஒண்ணும் இல்லைன்னு ஊருக்கே சொல்லுவீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

நான் வழக்கமான மன்னிப்பைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு நாயாகச் சொல்லிப் புலம்பினார். ஜூலை முதல் வாரத்தில் ஒரு குடும்பம் ஏரியிலிருந்து திரும்பியபோது, அவர்கள் வண்டியின் பின்பக்கத்தில் சாமான்களுக்கு நடுவே ஒரு நாய் பதுங்கிக் கிடந்ததாம். வீட்டுக்கு வந்துதான் பார்த்தார்களாம். நல்ல நாய், யாரோ உயிராக வளர்த்த நாய். என்ன சொன்னாலும் கேட்காது, செவிடோ என்றுகூட நினைத்தார்களாம். தீவன மூட்டை இறக்க வந்த ஆள் ஒருநாள் காலில் மூட்டையைப் போட்டுக்கொண்டு உக்ரேனிய மொழியில் கத்தியிருக்கிறான். நாய் விறைத்து உட்கார்ந்ததாம். அந்த ஆள் ஆச்சரியப்பட்டு அதே மொழியில் இன்னும் ஏதோ சொல்ல, வலதுகாலைத் தூக்கிக் கொடுத்ததாம்.

என்ன நிறம் என்று கேட்டேன். செம்பட்டை என்றார். நாய் இப்போது எங்கே என்று கேட்டேன். வைத்திருக்கவேண்டிய காலக்கெடு எப்போதோ முடிந்துவிட்டது, யாரும் வரவில்லை, அதனால் தானே எழுதிக்கொடுத்துத் தத்து எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். இப்போது சட்டப்படி அது அவருடைய நாய். யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், இதோ வருகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

லோர்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான். அது நிலைக்கவில்லை. எந்தக் காப்பகம் என்று கேட்டார். டன்வேல் என்றேன். உடனே திரையின் பக்கம் திரும்பி, மறுத்த கோப்புகள் குவிந்து கிடக்கிற இடத்தைத் திறந்து, ஜூலையில் வந்த ஒரு கோப்பைச் சாதாரண எழுத்தாகத் திறந்தார். நாய் என்ற டேக், ஆண் என்ற டேக், செம்பட்டை என்ற நிறம், கண்டெடுத்த இடம் வண்டியின் பின்புறம். எல்லாமே அங்கே இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் படித்துப் புரிந்துகொண்டிருக்கும். அதற்கு மேலே, ஏதோ ஒரு பூனை போன இடத்தில், தனியாக ஒரு மூடும் டேக்.

அவர் ஓட்டுகிற நிலையில் இல்லை, நான்தான் காரை எடுத்தேன். அறுவடைக் காலம். கதிர் அறுக்கும் இயந்திரம் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஊர்ந்தது. லோர்ன் மடியில் ஒரு கோப்புறை. தடுப்பூசிச் சான்று, நகராட்சி உரிமம், கால்நடை மருத்துவரின் ரசீது, புகைப்படங்கள், எல்லாம் தேதிவாரியாக. அதையே திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். சட்டப்படி அந்தப் பெண்மணி முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவர் மனதில் ஓடியிருக்கவேண்டும். பாதி வழியில் வாயைத் திறந்தார்.

"வரி எண் குடுத்திருந்தேனே ரொவீனா. ஒவ்வொரு தடவையும் குடுத்திருந்தேனே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த வரியில் தப்பு இருக்காது என்று உங்களுக்குத் தெரியாதா, உங்களுக்கே தெரிந்ததை நாயைக் குளிப்பாட்டுகிற அந்த அம்மாளுக்கு ஒரு தடவை போன் போட்டுச் சொல்லியிருந்தால் கையிலிருந்து என்ன போயிருக்கும் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு பாவமாக இருந்தது. அவர் கோப்புறையை மூடிவிட்டு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

டன்வேல் காப்பகம் ஒரு பழைய வெண்ணெய்த் தொழிற்சாலைக் கட்டடம். அதை ஒட்டியே ஆக்னஸின் வீடு. ரப்பர் பூட்ஸ் போட்ட குள்ளமான பெண்மணி வாசலுக்கு வந்தார். நாங்கள் பெயர் சொல்லி முடிப்பதற்குள் கொட்டகைக்குப் பின்னாலிருந்து ருட்கோ வந்துவிட்டது. ஓடி வந்தது என்று சொன்னால் போதாது. லோர்னின் நெஞ்சில் மோதி, கோப்புறை தெறித்து, தேதிவாரியாக அடுக்கிய காகிதங்கள் அத்தனையும் சேற்றில் விழுந்தன. அந்தப் பெரிய மனிதர் மண்டிபோட்டு உட்கார்ந்து, அவருக்குத் தெரிந்த அந்த ஏழெட்டுச் சொற்களையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு காரின் பக்கம் திரும்பி நின்றேன்.

ஆக்னஸ் உள்ளே போய்க் கழுத்துக் கயிற்றை எடுத்து வந்தார். வாக்குவாதம் இல்லை, சட்டம் இல்லை, கூட்டிக்கொண்டு போங்கள் என்று நீட்டினார். ஒரு நல்ல மனிதர் அப்போது என்ன செய்வார்? நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார். லோர்ன் எழுந்து, முழங்கால் சேற்றைத் தட்டினார். அவர் முகத்தில் பழைய கறார் திரும்பியிருந்தது.

"மிஸஸ் தீசன், சிப்பைப் படிச்சுச் சரிபாத்துட்டுதான் நீங்க குடுக்கணும். என்னோட நாய்னு நான் சொல்றேன், அவ்வளவுதானே? நாளைக்கு எவனாவது வந்து சொன்னா அவனுக்கும் தூக்கிக் குடுத்துடுவீங்களா?"

அடப்பாவி மனுஷா, கிடைத்ததை வாங்கிக்கொண்டு கிளம்பேன் என்று கத்தலாம்போல் இருந்தது. ஆக்னஸ் கோபப்படவில்லை.

"சிப்பெல்லாம் வந்த அன்னிக்கே படிச்சாச்சுங்க. ஸ்டெஃபானியா வாசிலிக்னு வந்துச்சு. போன் பண்ணினேன், அந்த நம்பர் உபயோகத்துல இல்லைன்னு சொல்லுச்சு. லெட்டர் போட்டேன், அப்படி யாரும் இந்த வீட்ல இல்லைன்னு திரும்பி வந்துச்சு. டைரக்டரியிலயும் தேடிட்டேன். யாருங்க அது?"

லோர்ன் குனிந்து நாயின் தலையில் கை வைத்தார். ஊரில் இருக்கிற காப்பகங்களின் தப்பையெல்லாம் வரி எண்ணோடு சொன்ன மனிதர், தன் வீட்டுப் பதிவு ஒன்றைத் துண்டித்த போனோடும் விற்ற வீட்டோடும் மூன்று வருடமாக அப்படியே விட்டு வைத்திருக்கிறார். சிப்பு காட்டிக் கொடுத்துவிடும் என்று என்னிடம் மார்தட்டியவரும் இவரேதான்.

"என் மனைவி. தவறிட்டா," என்றார். "மாத்தறதுக்கு ரெண்டு தடவை உக்காந்தேன். மாத்தணும்னா அவ பேரை எடுக்கணும். கை வரலை."

ஆக்னஸ் அவரையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் குரலில் குத்தல் இல்லை, அதனால்தான் எனக்குக் கூடுதலாக வலித்தது.

"நம்பர் செல்லாது, விலாசம் செல்லாது. உங்க லெட்டர்ல சொல்ற மாதிரி பாத்தா நான் நாயைத் திருப்பித்தான் அனுப்பியிருக்கணும். எங்க அனுப்பறதுன்னு தெரியலை, அதான் சாப்பாடு போட்டேன்."

பிறகு கயிற்றை ருட்கோவின் கழுத்துப் பட்டையில் தானே மாட்டிவிட்டார். குனிந்து அதன் காதைத் தடவிக்கொடுத்தார். இரண்டு மாதம் மடியில் வைத்துக்கொண்டிருந்த பிராணி, அவருக்கும் மனம் இருக்காதா? நிமிர்ந்தபோது மூக்கு சிவந்திருந்தது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். நாளைக்குக் காலையில நான் பைல் அனுப்புவேன். இவன் போயிட்டான்னு அழிச்சுட்டுத்தான் அனுப்புவேன். அதனால தப்பு இருக்கும், நிச்சயமா இருக்கும். அதுல இன்னும் பதிமூணு நாய் இருக்கு."

கட்டடத்தின் பக்கவாட்டில் கம்பிவலைக்குப் பின்னால் அவை நின்றுகொண்டிருந்தன. காதில்லாத ஒன்று, கண்ணில் வெள்ளை விழுந்த ஒன்று, வாலை ஆட்டிக்கொண்டே இருக்கிற ஒரு குட்டி. எந்த வீட்டில் யார் எந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ. லோர்ன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று நின்று பார்த்தார். நான் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"மிஸஸ் தீசன்," என்றார், "உங்க கம்ப்யூட்டர் எங்க இருக்கு?"